புதுப்பிப்பு: சென்னைக் கப்பலா, சிங்கப்பூர்க் கப்பலா? போய் வந்தாயிற்று

மதுரையிலிருந்து அம்மா, அப்பா, பிள்ளைகளோடு உல்லாசக் கப்பலில் சுற்றுலா போக, சென்னையில் புறப்படும் எம்ப்ரஸா, சிங்கப்பூரின் ஜென்டிங் டிரீமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. எம்ப்ரஸில் போனோம்.

"முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்" என்ற யோசனைதான் முடிவு செய்தது. அப்பாவுடையது காலாவதியாக நான்கே மாதம் இருந்தது; சிங்கப்பூருக்கு ஆறு மாதம் வேண்டும். எங்கள் பயணம் வெளிநாட்டுக் கரை தொடாததால் ஆதாரே போதுமானதாக இருந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினோம், காலையில் சென்னை.

1990இல் கட்டிய எம்ப்ரஸ் ஏறத்தாழ 48,000 டன். 2016இல் வந்த ஜென்டிங் டிரீம் அதைப்போல மூன்று மடங்கு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கே மிரளும் அம்மாவுக்குச் சிறியதே சரி. ஆனால் சிறிய கப்பலில் ஆட்டம் நன்றாகவே தெரிகிறது. "கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை எடுங்கள்" என்றவர் வாழ்க! மேல்தளத்தில் அறை எடுத்திருந்த தம்பி குடும்பம் முதல் இரவு முழுக்கத் தலைசுற்றிக் கிடந்தது. அம்மாவோ உப்பு நார்த்தங்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

எதிர்பாராதது ஒன்று: தம்பியின் கைப்பேசி நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்து 1,800 ரூபாய் விழுங்கிவிட்டது. கரை மறையும் முன்பே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்.