ஹெர்மெஸ் மூழ்கியது யார் குற்றம்? விமானந்தாங்கிக் கப்பல்களின் காலம் முடிந்ததா?

உவர்மலையான்
ஒவ்வொரு ஏப்ரல் 9 வந்தாலும் இங்கே பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மெஸின் படத்தைப் போடுவதும் எல்லோரும் கைகூப்பிவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. 307 பேர் போன கதை, துக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பல் எதைக் காட்டிவிட்டுப் போனது என்று ஒருவரும் கதைப்பதில்லை. 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்து முதல் நாளே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேற்றிய கப்பல், அடுத்த நாள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் வைத்து அடிவாங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் அடியில் போய்விட்டது. கூடப் போன வம்பயர் நாசகாரியும் போனது. அடித்தவன் மட்டும் தப்பினானா? அன்றைக்கு இந்தப் பக்கம் வந்த அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சூயிகாகு என்ற ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஐந்தும் 1944 ஒக்டோபருக்குள் கடலுக்கு அடியில். இதற்குப் பிறகும் சுமார் 1,300 கோடி டொலர் கொட்டி அமெரிக்க விமானந்தாங்கி ஜெரால்ட் ஃபோர்ட் மாதிரி ஒன்றைக் கட்டுகிறார்கள் என்றால் அது வீம்பு, வேறொன்றுமில்லை. என் கணக்கில் விமானந்தாங்கி என்பது ஓட்டிக்கொண்டு திரிகிற இலக்கு.

கொட்டியாரன்
அண்ணை, பாதிக் கதையை மட்டும் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஹெர்மெஸ் அன்று காலை கடலில் நின்றபோது அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் சுவோட்ஃபிஷ் விமானங்கள் இங்கே சீனன்குடா விமானத்தளத்தில் தரையில் இருந்தன. அவசரமாக வெளிக்கிடச் சொன்னதில் விமானங்களை ஏற்றவில்லை. ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது என்று தெரிந்ததும் சண்டை விமானங்கள் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள், வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெறுந்தளத்தோடு அனுப்பிய கப்பலைக் காட்டி ‘விமானந்தாங்கி உதவாது’ என்றால் எப்படி? குற்றம் அனுப்பியவர்களுடையது.

அப்புறம் அந்த ஐந்து கப்பல்கள். அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் போனது இரண்டே மாதத்தில், மிட்வே கடற்சமரில். அடித்தது யார்? அமெரிக்க விமானந்தாங்கிகளில் இருந்து கிளம்பிய விமானங்கள். சூயிகாகுவும் அப்படித்தான். ஷோகாகுவை மட்டும் கவாலா என்ற நீர்மூழ்கி அடித்தது. ஐந்தில் நான்கு என் பக்கம்.

சீனன்குடாப் பொடியன்
உலகத்தின் முதல் விமானந்தாங்கி ஹெர்மெஸ்தான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சேர் சொன்னார். உண்மையா?

கொட்டியாரன்
தம்பி, விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது, 1918இல். ஆனால் இழுத்தடித்து 1924இல்தான் சேவைக்கு வந்தது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ 1922 கடைசியில் முந்திவிட்டது. சேரும் பிழை சொல்லவில்லை, எதிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உவர்மலையான்
சரி, தளம் வெறுமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே உதாரணத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த விமானங்கள் சீனன்குடாவில் இருந்தன அல்லவா? சீனன்குடாவில் எத்தனை குண்டு விழுந்தாலும் அது மூழ்காது. 1942இலும் ஓடுதளம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 1941 டிசம்பரில் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டையும் மலாயாக் கடலில் அடித்து மூழ்கடித்த விமானங்கள் எங்கிருந்து வந்தன? இந்தோசீனாவில், தரையிலிருந்து.

இப்போதைய நிலைமை இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் மொஸ்க்வா, ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படையின் தலைமைக் கப்பல். கரையிலிருந்து விட்ட இரண்டு நெப்டியூன் ஏவுகணை என்கிறது உக்ரைன். உள்ளே தீப்பிடித்தது என்கிறது ரஷ்யா. தீ எப்படி வந்தது என்பதை நீங்களே யோசியுங்கள். 2024இல் இவனோவெட்ஸ் என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பலை ஆளில்லாப் படகுகள் மாறி மாறிப் போய் இடித்துத் தாழ்த்தின. செங்கடலில் ஹூத்திகளின் மலிவு ட்ரோன் ஒன்றை விழுத்த, இருபது இலட்சம் டொலர் பெறுமதியான ஏவுகணையை அமெரிக்கர்கள் செலவழித்தார்கள். இந்தக் கணக்கு எத்தனை நாளைக்கு ஓடும்?

உப்புவெளி
சிறிசு பெரிசை விழுத்துவது ட்ரோன் வந்த பிறகு தொடங்கிய கதை இல்லையே அண்ணை. 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்குள் ஆறே ஆறு இத்தாலிய முக்குளிப்பாளர்கள் புகுந்து குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்களையும் சேற்றில் குந்தவைத்தார்கள். திருத்தி முடித்து அதே இரண்டும் 1944இல் எங்கே வந்து நின்றன? எங்கள் துறைமுகத்தில்.

வேலியன்டின் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இரண்டு பேரும் ஏவுகணையையும் விமானத்தையும் மட்டுமே எண்ணுகிறீர்கள். 1944 ஓகஸ்ட் 8, கப்பலை மிதக்கும் டொக்குக்குள் ஏற்றித் தூக்குகிறார்கள். டொக்கின் தொட்டிகளில் இருக்கும் தண்ணீரை வெளியே இறைக்க இறைக்க அது கப்பலோடு மேலே வரும், வேலை அவ்வளவுதான். ஆனால் எந்தத் தொட்டியை எப்போது வெறுமையாக்குவது என்ற ஒழுங்கு கப்பலின் பாரத்துக்குப் பொருந்த வேண்டும். அன்று பொருந்தவில்லை, போதாக்குறைக்குக் கப்பல் நிறைய வெடிமருந்து வேறு. பாரம் இரண்டு முனைகளிலும் ஏறி டொக்கின் முதுகு முறிந்து தாழ்ந்துவிட்டது. வேலியன்டின் சுழலியும் சுக்கானும் பழுதாகின. முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல், அதற்குப் பிறகு சண்டைக்குத் திரும்பவேயில்லை. எதிரி ஒருவனும் பக்கத்தில் இல்லை!

கிண்ணியாக் கரை
முக்குளிப்பாளர் கதைக்கு அலெக்சாந்திரியா வரை போவானேன்? 1995 ஏப்ரல் 19, இதே துறைமுகம், இலங்கைக் கடற்படையின் சூரயா, ரணசுறு கப்பல்கள் இரண்டும்.

நிர்வாகி
அதோடு நிற்கட்டும். நடந்தது எல்லோருக்கும் தெரியும், இந்த இழையைப் பூட்டும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கப்பலைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

கொட்டியாரன்
உப்புவெளி அக்கா சொன்னதில் எனக்கும் ஒரு துண்டு இருக்கிறது. துறைமுகத்தில் கட்டி வைத்தால் எந்தக் கப்பலும் சும்மா இரும்புதான். அதற்காக இரும்பே வேண்டாம் என்பதா?

உவர்மலை அண்ணை, ஃபோக்லண்ட் சண்டைக்கு வாருங்கள். 1982இல் பிரித்தானியாவிலிருந்து அத்தனை ஆயிரம் மைல் தூரத்தில் எந்தத் தரையில் ஓடுதளம் போடுவது? ஹெர்மெஸ் என்ற பெயரிலேயே பிறகு கட்டிய இன்னொரு கப்பல்தான் தலைமைக் கப்பலாகப் போனது, இன்வின்சிபிளும் கூடப் போனது. சீ ஹரியர் விமானங்கள் அந்தத் தளங்களில் இல்லாவிட்டால் அந்தப் படையைக் கரையில் இறக்கியே இருக்க முடியாது. அந்த ஹெர்மெஸைத்தான் இந்தியா வாங்கி 1987இலிருந்து விராட் என்று 2017 வரை ஓட்டியது. ஓடுகிற இலக்கு முப்பது வருடம் ஓடியது, பாருங்கள்.

இன்னொன்று. 2005இல் அமெரிக்கா தன் பழைய யூ.எஸ்.எஸ். அமெரிக்காவையே குண்டு வைத்துச் சோதித்தது. கிட்டத்தட்ட நான்கு கிழமை வெடி வாங்கியும் மிதந்தது, கடைசியில் தாங்களே உள்ளிருந்து வெடிவைத்துத்தான் தாழ்த்தினார்கள். பெரிய கப்பல் நீங்கள் நினைக்கிற அளவு இலேசில் போகாது.

உவர்மலையான்
ஃபோக்லண்ட் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஆர்ஜன்டீனாவிடமும் ஒரு விமானந்தாங்கி இருந்ததே, வெயின்டிசின்கோ டி மாயோ. மே 2ஆம் திகதி அவர்களுடைய பெல்கிரானோ போர்க்கப்பலை ஒரு பிரித்தானிய நீர்மூழ்கி அடித்து 323 பேர் போனார்கள். அதன் பிறகு அந்த விமானந்தாங்கி துறைமுகத்துக்குள் புகுந்ததுதான், சண்டை முடியும்வரை வெளியே தலைகாட்டவில்லை. ஒரேயொரு நீர்மூழ்கிப் பயம்! தாழ்த்தத் தேவையில்லை, வெளியே வரவிடாமல் செய்தால் போதும். உங்கள் நான்கு கிழமைச் சோதனையும் அப்படித்தான். ஆளில்லாமல், எரிபொருள், குண்டு எதுவும் நிரப்பாமல் வைத்து அடித்த கப்பல் அது. தளம் நிறைய விமானமும் எண்ணெயும் இருந்தால் ஓர் ஓட்டையே போதும், தாழாவிட்டாலும் விமானம் ஏறாது. மிட்வேயில் அகாகிக்கு நடந்தது அதுதானே.

சீனன்குடாப் பொடியன்
எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள கப்பல் மட்டும் இன்னும் மிதக்குதாமே, இங்கிலாந்தில்?

உப்புவெளி
ட்ரிங்கோமலிதானே, ஹார்ட்டில்பூலில். பம்பாயில் வாடியா என்ற கப்பல் கட்டும் குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் இறக்கியது. நெப்போலியன் சண்டை முடிந்த பிறகு இறக்கியதால் பெரிய கடற்சமர் எதிலும் மாட்டவில்லை. இவ்வளவு காலம் மிதப்பதற்குத் தேக்கு பாதிக் காரணம், அது மீதிக் காரணம்.

உவர்மலையான்
என் வாதத்துக்கு அதைவிட நல்ல கப்பல் கிடைக்காது அக்கா, நன்றி.

கொட்டியாரன்
அப்படியென்றால் இந்தியா ஏன் கொச்சியில் விக்ராந்த் கட்டி 2022இல் சேர்த்தது? அதே வருடம் சீனா ஏன் ஃபூஜியனை நீரில் இறக்கியது? இத்தனை நாட்டுக்காரருக்கும் கணக்குத் தெரியாதா?

உவர்மலையான்
கட்டுவது ஒரு சாட்சியா? 46 சென்ரிமீற்றர் பீரங்கியோடு ஜப்பானில் யமாட்டோவையும்தான் கட்டினார்கள். உலகத்தில் அதைவிடப் பெரிய போர்க்கப்பல் இல்லை என்றார்கள். 1945 ஏப்ரல் 7இல் இரண்டு மணித்தியாலத்தில் கதை முடிந்தது.

கொட்டியாரன்
யமாட்டோவை முடித்தது எது அண்ணை? விமானந்தாங்கிகளில் இருந்து போன விமானங்கள். கொண்டுவருகிற சாட்சியெல்லாம் எனக்காகவே கொண்டுவருகிறீர்கள்.