மறு: ‘டூ, டஸ், டிட்’ – தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலக் கேள்வியிலும் மறுப்பிலும் வரும் ‘டூ, டஸ், டிட்’டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு, ‘கங்காணி வினை’ என்று ஒன்றையும் சொல்லியிருந்தேன் (கங்காணி என்றால் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர்). வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> துணைவினை என்று ஒன்று இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

துணைவினை என்றால் இஸ், ஹேவ், கேன் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ‘கேன்’ வந்தால் ‘முடியும்’ என்ற பொருளும் கூட வருகிறது. கேள்வியிலும் மறுப்பிலும் வரும் ‘டூ’ தன் பங்குக்கு ஒரு பொருளும் தருவதில்லை. காலத்தையும் எஸ்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வேலைக்குத்தான் பெயர் கேட்டேன்.

போன கிழமை நடந்ததைச் சொன்னால் விளங்கும். தரம் 4 படிக்கும் மகளின் கொப்பியில் ‘டஸ் அம்மா பிளக்ஸ் டீ?’ (அம்மா கொழுந்து பறிக்கிறாளா?) என்று இருந்தது. மேலே சிவப்புப் பேனையால் ஒரு சுழிப்பு, விளக்கம் இல்லை. இங்கே இலங்கை மலையகத்து ஹட்டனில் அன்றைக்கு விடாத மழை, கரண்டும் போய்விட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி, சொல்லுக்கு ஒரு துண்டும் எஸ்ஸுக்கு ஒரு துண்டுமாக ‘அம்மா பிளக்ஸ் டீ’ என்று அடுக்கினேன். பிறகு ‘டூ’வை முன்னுக்கு வைத்து, எஸ் துண்டை எடுத்து அதோடு ஒட்டச் சொன்னேன். ஒட்டினாள். பிளக்குக்கு வைக்க வேறு எஸ் இல்லை; ‘டஸ் அம்மா பிளக் டீ?’ என்றுதான் நின்றது. (‘டஸ்’ என்று எழுதும்போது நடுவில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் கூடுவதை அவள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.)

“டூ கங்காணி மாதிரியாப்பா? கொழுந்து எடுக்காம முன்னுக்கு நிக்குது.”

‘கங்காணி வினை’ அப்படி வந்ததுதான்.

> கங்காணியைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டுமா?

பதுளை டீச்சர் கேட்பது நியாயம். தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் ஒழிந்தாலும், கங்காணிக்குக் கடன்பட்ட கதை லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இன்னும் தீரவில்லை. வீட்டு இஸ்தோப்பில் சொல்லிச் சிரிக்கலாம், சொற்பட்டியலில் வேண்டாம். விட்டுவிடுகிறேன்.

மாற்றாக வந்த ‘வெற்றுவினை’ என்ற பெயரும் எனக்கு ஒப்பவில்லை. காலத்தைச் சுமப்பது எப்படி வெற்றாகும்? ‘ஏந்துவினை’ என்று வைப்போம். தமிழிலும் ‘பறித்துவிட்டாள்’ என்னும்போது ‘பறித்து’ எச்சமாக நிற்க, காலமும் பாலும் ‘விடு’வின் தலையில்தான் ஏறுகின்றன. ஆகப் பிள்ளைக்கு இது பழகிய சங்கதி. நமக்குக் கடைசியில் வருவது அங்கே முன்னுக்கு வருகிறது, அவ்வளவுதான். மறுப்பில்தான் சிக்கல். ‘பறிக்கவில்லை’ நேற்றைக்கும் அதுவே, இன்றைக்கும் அதுவே. அதனால் ‘டஸின்ட்’, ‘டிடின்ட்’ இரண்டில் எதைப் போடுவது என்று நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஏந்துவினை என்ற பெயரோடு ‘காலம் எதன் கையில்?’ என்று கேட்டால் பாதி வேலை முடியும்.

ஏந்துவினை என்பதே வினைத்தொகை, அதாவது காலம் வெளியே தெரியாமல் மறைந்து நிற்கும் தொடர். காலத்தை ஏந்தும் சொல்லுக்குக் காலம் கரந்த பெயர்! நன்னூல்காரர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றுக்கு மட்டும் உதவி வேண்டும். முந்தாநாள் அவளே ‘ஹூ பிளக்ஸ் டீ?’ என்று வாசித்துவிட்டு, “இதுல ஏன் டூ வரல்ல?” என்றாள். எழுவாயையே கேட்கும்போது சொற்கள் இடம் மாறுவதில்லை, டூவுக்கு வேலையும் இல்லை. ‘எழுவாய்’ என்ற சொல்லைத் தொடாமல் தரம் 4க்கு இதை எப்படிச் சொல்வது? அட்டைத் துண்டுகள் இன்னும் மேசையில்தான் கிடக்கின்றன.