குளோரோபென்சீன் கிரிக்னார்டு தராதா?

குடுவை:
கார்பனுக்கும் ஹாலஜனுக்கும் இடையே மெக்னீசியம் நுழைந்து உருவாகும் சேர்மமே கிரிக்னார்டு. குளோரோபென்சீன் அதைத் தராது. அதில் உடனிசைவு (எலக்ட்ரான்கள் பல பிணைப்புகளில் பரவி நிற்பது) காரணமாகக் கார்பன்–குளோரின் பிணைப்புக்கு ஓரளவு இரட்டைப் பிணைப்புத் தன்மை வந்துவிடுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடால்கூட சாதாரண வெப்பநிலையில் அதை அசைக்க முடியாது. மெக்னீசியம் மட்டும் எப்படி உடைக்கும்? புரோமோபென்சீனை எடுங்கள், குளோரோவை மறந்துவிடுங்கள்.

கரித்துகள்:
காரணத்தில்தான் கோளாறு. ஹைட்ராக்சைடு கார்பனைத் தாக்குகிறது. மெக்னீசியமோ தன் பரப்பிலிருந்து எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் ஹாலைடு அயனியாகக் கழன்றுகொள்கிறது. இரண்டும் வேறு வேறு வினை. 4-நைட்ரோகுளோரோபென்சீனைப் பாருங்கள்: நைட்ரோ இருப்பதால் ஹைட்ராக்சைடு குளோரோபென்சீனைவிட எளிதாக அதன் குளோரினை நீக்கும். அதையே மெக்னீசியத்தோடு போட்டால் கிரிக்னார்டு வராது, நைட்ரோ தொகுதிதான் எலக்ட்ரானை ஏற்று ஒடுக்கமடையும். உங்கள் அளவுகோல் இங்கே செல்லாது.

குடுவை:
சரி, வழிமுறை வேறு. ஆனால் வேகத்தில் அயோடின், புரோமின், குளோரின், ஃபுளோரின் என்ற வரிசை மாறவில்லையே? 4-புரோமோகுளோரோபென்சீனை வழக்கமான கரைப்பானான ஈதரில் போட்டால் புரோமின் பக்கம்தான் மெக்னீசியம் நுழைகிறது, குளோரின் அப்படியே நிற்கிறது. என் கட்சிக்கு அதுவே சாட்சி.

கரித்துகள்:
குளோரின் மெதுவானது என்பதற்குத்தான் அது சாட்சி. முடியாது என்பதற்கு அல்ல. ஈதரை விட்டு டெட்ராஹைட்ரோபியூரான் என்ற வளைய ஈதர் கரைப்பானுக்கு வாருங்கள், குளோரோபென்சீனும் வினைபுரியும்.

ஈதர்ப்பிரியர்:
அது வெறும் சூடுதானே? ஈதர் 35 டிகிரியில் கொதிக்கிறது, டெட்ராஹைட்ரோபியூரான் 66-இல்.

கரித்துகள்:
சூடும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் டெட்ராஹைட்ரோபியூரானின் ஆக்சிஜன் மெக்னீசியத்தை ஈதரைவிட இறுகப் பிடிக்கிறது, உருவாகும் சேர்மத்தைக் கரைசலில் வைத்துக்கொள்கிறது. இதை விட்டுவிட்டு வெப்பநிலையை மட்டும் பேசுவது பாதிக்கதை.

ஈதர்ப்பிரியர்:
ஃபுளோரோபென்சீனுக்கு இதெல்லாம் எடுபடாது.

கரித்துகள்:
சாதாரண மெக்னீசியச் சீவல்களுக்கு எடுபடாதுதான். மெக்னீசியம் குளோரைடைப் பொட்டாசியத்தால் ஒடுக்கி எடுக்கும் கருந்தூள், ரீக்கே மெக்னீசியம், அரைல் ஃபுளோரைடையும் (பென்சீன் வளையத்தில் ஃபுளோரின் உள்ள சேர்மம்) விடுவதில்லை.

குடுவை:
தூள் மெக்னீசியத்தை எல்லாரும் தயாரிக்கப் போவதில்லை. புரோமைடுக்கு உலர்ந்த ஈதரும் ஒரு துண்டு அயோடினும் போதும்: பழுப்பு நிறம் மறையும், உலோகத்தைச் சுற்றிக் கலங்கும், ஈதர் தானே கொதிக்கத் தொடங்கும். அயோடைடு இன்னும் வேகம், ஆனால் இரு பென்சீன் வளையங்கள் இணைந்த பைபீனைல் என்ற பக்கவிளைபொருள் கூடுதலாக வந்து விளைச்சலைத் தின்றுவிடும். நடைமுறையில் புரோமைடுதான்.

கரித்துகள்:
கைக்கு எளியது புரோமைடு, சரி. ஆனால் 2-புரோமோஃபுளோரோபென்சீனிடம் அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். கிரிக்னார்டு உருவானதும் பக்கத்து ஃபுளோரின் கழன்று பென்சைன் என்ற நிலையற்ற இடைப்பொருள் வந்துவிடும். அங்கே குளிரவைத்து, ஐசோபுரொப்பைல் மெக்னீசியம் குளோரைடு என்ற ஆயத்தக் கிரிக்னார்டால் புரோமினுக்குப் பதில் மெக்னீசியத்தைப் பரிமாற்றம் செய்வதுதான் வழி.