பார்க்கின்சனுக்குப் புதுக் கண்டுபிடிப்பு என்கிறார்களே, அப்பத்தாவுக்கு மருந்து எப்போது வரும்?

கோட்டையூர்ப் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. பார்க்கின்சன் என்று மதுரை டாக்டர் சொல்லி, லெவோடோபா மாத்திரை கொடுத்திருக்கிறார். கல்யாண வீடு என்றால் கைமுறுக்குச் சுற்ற அப்பத்தாவைத்தான் கூப்பிடுவார்கள், இப்போது மாவை எடுத்தால் விரல் இறுகிப்போய் முறுக்கு இழையவே மாட்டேன் என்கிறது. குடும்பக் குரூப்பில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார், பிங்க்1 என்ற புரதத்தின் வடிவத்தை ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்துவிட்டார்களாம், இனி நோய் குணமாகிவிடுமாம். அதிலிருந்து அப்பத்தா, "இந்த மாத்திரையை விட்டுட்டுப் புது மருந்துக்குக் காத்திருக்கவா ஆத்தா" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

காரைக்குடி ஆராய்ச்சி மாணவன்:
செய்தி உண்மைதான் அக்கா, "குணமாகிவிடும்" என்பது மட்டும் சித்தப்பாவுக்கு யாரோ சேர்த்து அனுப்பியது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் பிங்க்1 அதன் மேல் போய்ச் சேர்ந்து, இதை அப்புறப்படுத்து என்று அடையாளம் வைக்கும். அந்த வேலை நடக்காவிட்டால் பழுதானவை தேங்கி மூளை நரம்பு செல்கள் சாகின்றன. பிங்க்1-ஐ உருவாக்கும் மரபணுவுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு உண்டு என்று 2004-லேயே தெரியும், ஆனால் மனிதப் பிங்க்1 பழுதான மைட்டோகாண்ட்ரியாவில் எப்படி உட்காருகிறது என்பதை மெல்போர்ன் குழு 2025-ல்தான் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது. புரதத்தை நொடியில் உறையவைத்து லட்சக்கணக்கான படங்களைச் சேர்த்து வடிவத்தை எடுக்கும் முறை அது, 2017-ல் நோபல் வாங்கியது. இன்னொன்று, பிங்க்1 கோளாறால் வருவது பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும் வகை. வயதானபின் வந்தவர்களுக்கும் பிங்க்1-ஐ வைத்துச் செய்யும் மருந்து உதவுமா என்பதை இனிமேல்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தூரான்:
வடிவம் வடிவம் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள் தம்பி, நோயாளி கைக்கு ஒரு மாத்திரையாவது வந்திருக்கிறதா?

காரைக்குடி ஆராய்ச்சி மாணவன்:
வந்திருக்கிறது அண்ணே. கேராஸ் என்ற புற்றுநோய்ப் புரதத்தை மருந்தால் தொடவே முடியாது என்று 30 வருஷம் கைவிட்டிருந்தார்கள், அதன் மேற்பரப்பு அவ்வளவு வழுவழு. 2013-ல், மரபணு மாற்றத்தால் உண்டாகும் அதன் ஒரு வகையில் சின்னப் பள்ளம் ஒன்று இருப்பதை எக்ஸ்-ரே படிகமுறையில் (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-ரே செலுத்தி வடிவம் பார்ப்பது) பார்த்தார்கள், அந்தப் பள்ளத்தில் போய் ஒட்டும் சோட்டோராசிப் மாத்திரைக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது நுரையீரல் புற்றுநோயாளிகளில் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, ஆனாலும் 8 வருஷத்தில் நடந்திருக்கிறது. எல்லாப் புரதத்துக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்தத் துறைக்கு நம் ஊர்ப் பங்கும் பெரியது, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் போட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புது வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள்.

தேவகோட்டை மருந்துக்கடை:
அம்மா, அப்பத்தாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு கட்டையாக இறுகி, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை சரியாகக் கேட்கவில்லை என்றால் சாப்பிடும் நேரத்தைப் பாருங்கள், பருப்பு, பால், முட்டையோடு சேர்த்துப் போட்டால் அந்தப் புரதமே லெவோடோபா உடம்பில் ஏறுவதைக் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் வெறும் தண்ணீரில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த நேரத்தில் விரல் இறுகுகிறது, எப்போது இளகுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் அளவை மாற்ற அவருக்கும் சுலபம்.