பிள்ளைகளோடு பறவை அலகும் இறகும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஏரிக்கரை டீச்சர்:
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நத்தைகுத்தி நாரையின் அலகைச் செய்தோம். வேடந்தாங்கல் பக்கம் என்பதால் எல்லாருக்கும் தெரிந்த பறவைதான். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். பழைய அட்டைப்பெட்டியில் இரண்டு பட்டை வெட்டி, கீழ்ப்பட்டையை வளைத்து, ஒரு முனையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம்.

"மிஸ், நத்தையை அந்தச் சந்துல வெச்சு பாக்குவெட்டி மாதிரி நொறுக்கும்" என்றான் ஒரு பையன். சரி, செய்து பார் என்றேன். ஈர ஓடு வழுக்கி வழுக்கி விழுந்தது. நுனியால் பிடித்தபோதுதான் நின்றது.

அப்புறம் வயல் பக்கம் கூட்டிப்போனேன். நாரை ஒன்று மேல் அலகால் நத்தையைச் சேற்றில் அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை இழுத்தெடுத்தது. வரப்போரம் பொறுக்கிய ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருந்தன. அந்தப் பையன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படம் வரைந்து வண்ணம் அடிப்பதோடு விட்டிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும் என்றதும், குஞ்சு அலகும் செய்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்!

நெல்லை அம்மா:
அருமை டீச்சர். நாங்கள் எடுத்தது இறகு. நாட்டுக்கோழி இறகின் இழைகளைப் பிரித்துவிட்டு, அடியிலிருந்து நுனிவரை இரு விரலால் நீவச் சொன்னேன். பிரிந்தவை மறுபடி ஒட்டிக்கொண்டன. இழைகளில் இருக்கும் நுண்ணிய கொக்கிகள் செய்கிற வேலை அது. பறவை அலகால் கோதுவதும் இதற்காகத்தான் என்பதை மகள் தானே சொன்னாள்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில், பாம்பு போல நீண்ட கழுத்துள்ள பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. "வாத்து ஏம்மா காயப்போடல?" என்றாள். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது, பாம்புத்தாராவின் இறகு நனையும். நனைவதால்தான் அது சுலபமாக மூழ்கி மீனைக் குத்துகிறது. வீட்டுக்கு வந்து, ஒரு தாளில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவி, இரண்டிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம்.

கரண்டிவாயன் ரசிகர்:
சின்னப் பிள்ளைகளுக்கு என் யோசனை: கண்ணைக் கட்டிவிட்டு, கலங்கல் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கரண்டிகளால் புளியங்கொட்டையைத் துழாவ விடுங்கள். கரண்டி போன்ற அலகுள்ள கரண்டிவாயன் பறவையும் அலகை லேசாகத் திறந்து, பக்கவாட்டில் வீசி வீசி, தட்டுப்படுவதைக் கவ்வும். மரக்கரண்டியே கொடுங்கள். எவர்சில்வர் என்றால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.