‘பதப்படுத்திய மரம்’ வேண்டாம்: மருந்தேற்றிய மரம், தொகுமரம்

ஐயா, வணக்கம்.

நம் கட்டுமானக் கலைச்சொல் பட்டியலில் ‘பதப்படுத்திய மரம்’ என்று இருக்கிறது. சூளையில் உலர்த்திய பலகையையும் அப்படிச் சொல்வதுண்டு. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே செலுத்திய மரம் வேறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையோரத்தில் வெறும் உலர்ந்த பைனைக் கூரைக்குப் போட்டால் உலர்மரக் கறையானுக்கு விருந்து. ‘மருந்தேற்றிய மரம்’ என்போம்.

சொல்லோடு இடர் வகுப்பும் (மரம் எவ்வளவு ஈரத்தையும் பூச்சியையும் தாங்க வேண்டும் என்பதைக் காட்டும் எண்) வரவேண்டும். சான்ஸ் 10005 என்ற தென்னாப்பிரிக்கத் தரப்படி கூரைச் சட்டத்துக்கு எச்2, மழை படும் வெளித்தளத்துக்கு எச்3, மண்ணில் நடும் தூணுக்கு எச்4, ஈரம் வற்றாத மண்ணுக்கு எச்5, கடல்நீருக்கு எச்6. வகுப்பு எழுதாவிட்டால் கைக்கு வந்த எச்2 தூணாகிவிடும், மண்மட்டத்தில் இற்றுப்போகும். மருந்து வெளிற்றில்தான் (மரத்தின் வெளிப்பகுதி) நன்றாக ஏறும், வைரத்தில் (உள்ளே இருக்கும் கடினப் பகுதி) ஏறுவது அரிது. ஆகவே அறுத்த முனை மண்ணுக்குள் போகக்கூடாது. அது மேலே நிற்கட்டும், அதிலும் தூரிகையால் மருந்து பூச வேண்டும். மிஞ்சிய துண்டுகளை பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பில் எரிக்கவே கூடாது, சாம்பலில் ஆர்செனிக் தங்கும்.

துண்டுகளைப் பசையிட்டு ஒட்டிச் செய்யும் மற்ற வகைக்கு ‘ஒட்டுமரம்’ போதுமா?

*

அம்மா, வணக்கம்.

மருந்தேற்றிய மரம் சரி. ‘ஒட்டுமரம்’ என்றால் மாங்கன்று விற்பவர் சண்டைக்கு வருவார். ‘கட்டுமரம்’ ஏற்கெனவே கடலில் மிதக்கிறது. ‘தொகுமரம்’ வைக்கலாம். பலகை, மெல்லிய மரத்தகடு, சீவல், நார் எதைத் தொகுத்துப் பசையிட்டு அழுத்தினாலும் பொருந்தும். உட்பிரிவுகள்: அடுக்குத் தொகுமரம், ஒட்டுப்பலகை, சீவல்பலகை, நார்ப்பலகை.

இங்கே பசையைக் குறிக்காமல் விடக்கூடாது. யூரியா ஃபார்மால்டிஹைடு ஈரத்தில் விட்டுவிடும். சமையலறைத் தொட்டியடியில் சாதாரண நார்ப்பலகையின் விளிம்பு ஊறி வீங்கினால் பழையபடி அமுங்காது. வெளியிடத்துக்கு ஃபீனால் அல்லது ரிசார்சினால் பசை.

மருந்தேற்றிய மரமும் தொகுமரமும் ஒன்றுக்கொன்று ‘எதிர்ச்சொல்’ என்று பட்டியலில் உள்ள குறிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். ரிசார்சினால் நீரைத் தாங்கும், கறையானைத் தடுக்காது. 8 மீட்டர் உத்தரத்துக்கு ஒரே துண்டாக நேரான பைன் கிடைப்பது கடினம், அடுக்குத் தொகுமரம்தான் வழி. அது மழையில் நிற்குமானால் மருந்தும் தேவை. ஒட்டிய பிறகு நீரில் கரைத்த மருந்தை ஏற்றினால் மரம் வீங்கும், உலரும்போது வெடிப்பு விடும். தனித்தனிப் பலகைகளுக்கு மருந்தேற்றி, உலர்த்தி, மெல்ல இழைத்து, பிறகு ஒட்ட வேண்டும். எனவே ‘மருந்தேற்றிய தொகுமரம்’ மூன்றாவது பதிவாக வரட்டும்.

*

ஐயா, மூன்றையும் பதிந்துவிட்டேன், குறிப்பை நீக்கியாயிற்று. கடலோரத் திருகுக்கு 316 துருப்பிடிக்கா எஃகா, துத்தநாகத்தில் தோய்த்ததா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.