காலி அட்டவணைக்குக் ‘கால்ஸ்பேன் 100%’ போதுமாம்!

நெடுவரிசைநேசன்: வலைப்பக்க அட்டவணையில் தரவு இல்லாதபோது, ‘பதிவுகள் இல்லை’ என்ற செய்தி தாங்கும் கட்டத்துக்கு, அது எத்தனை நெடுவரிசைகளை அடைக்கும் என்று சொல்லும் கால்ஸ்பேன் பண்பை 100% என்று எழுதிவிட்டால் நெடுவரிசைகளை எண்ணவே வேண்டாம் என்று நேற்று ஒருவர் இங்கே பாடம் நடத்தியிருந்தார். அந்தப் பண்பு முழு எண்ணை மட்டுமே ஏற்கும். உலாவி சதவீதக் குறியை உதறிவிட்டு நூறு நெடுவரிசைகள் என்றே படித்துக்கொள்கிறது. ஐந்து நெடுவரிசைகளுக்கு நூறு எதற்கு?

முகப்புமாறன்: பாடம் நடத்தியவன் நான்தான்; பெயர் சொல்லியே திட்டலாம். செய்தி முழு அகலத்தில் தெரிகிறதல்லவா? பயனர் பார்ப்பது திரையை, தாங்கள் பூசிக்கும் விதிநூலை அல்ல.

நெடுவரிசைநேசன்: நெடுவரிசை அகலங்களை முதல் வரிசையை வைத்தே முடிவு செய்யும்படி, டேபிள் லேஅவுட்டை ஃபிக்ஸ்டு என்று வைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் இல்லாத கூடுதல் நெடுவரிசைகளை உலாவி வரையாமலும் விடலாம் என்றும், வரைந்தால் அவற்றின் அகலத்தைத் தான் வரையறுக்கவில்லை என்றும் வலைப்பக்கத் தோற்றத்துக்கான விதிநூல் சிஎஸ்எஸ் 2.1 கைவிரித்துவிடுகிறது. அந்த நிச்சயமின்மையின் மேல்தான் தங்கள் ‘தெரிகிறதல்லவா’ நிற்கிறது.

தாரகை: தரவே இல்லாததும், தேடலுக்கு எதுவும் பொருந்தாததும், தரவு இன்னும் வந்து சேராததும் ஒன்றா? ஜேகுவரியோடு இயங்கும் அட்டவணை நிரலகமான டேட்டாடேபிள்ஸ் முதல் இரண்டுக்கும் எம்ப்டிடேபிள், ஸீரோரெக்கார்ட்ஸ் எனத் தனித்தனி வாசகங்கள் வைத்திருக்கிறது. எதைக் காலி என்கிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே.

நெடுவரிசைநேசன்: அது பிறகு வரட்டும், சகோதரி. அதே டேட்டாடேபிள்ஸ், கண்ணுக்குத் தெரியும் நெடுவரிசைகளை எண்ணித்தான் கால்ஸ்பேன் இடுகிறது. நூறு என்று இடுவதில்லை.

பழையநிரலர்: வலைப்பக்கம் எழுதும் மொழியின் பழைய பதிப்பான எச்டிஎம்எல் 4-இல் கால்ஸ்பேன் 0 என்றால் நெடுவரிசைக் குழுவின் இறுதிவரை என்று பொருள். அந்த வசதியை எச்டிஎம்எல் 5-இல் எடுத்துவிட்டார்கள், கேட்பாரில்லை.

நெடுவரிசைநேசன்: பூச்சியத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, ஐயா. பேச்சு நூறைப் பற்றியது.

முகப்புமாறன்: ஜேகுவரி என்னும் பழைய நிரலகக் காலத்துச் சான்றுகளை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? ஆங்குலர் மெட்டீரியல் என்னும் இடைமுக நிரலகத்தில், தரவில்லாதபோது காட்டும் வரிசைக்கென்றே மேட்நோடேட்டாரோ இருக்கிறது. தேதித் தேர்வி விவாதத்தில் பதில் இல்லாமல் நழுவியதும் தாங்கள்தானே.

நெடுவரிசைநேசன்: நழுவவில்லை, அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். தாங்கள் பெருமையோடு காட்டும் மேட்நோடேட்டாரோவின் ஆவண எடுத்துக்காட்டில்கூட நான்கு நெடுவரிசைகளுக்குக் கால்ஸ்பேன் 4 என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நூறு எங்கே?

முகப்புமாறன்: பயனர் ஒரு நெடுவரிசையை மறைத்துவிட்டால் அந்த நான்கு என்னவாகும்?

நெடுவரிசைநேசன்: மூன்றாகும். காட்டப்படும் நெடுவரிசைப் பட்டியலின் நீளத்தை அப்படியே கால்ஸ்பேனுக்குக் கட்டிவிட்டால் அது தானாக மாறும். ஒரு வரி நிரல்தான், அதற்குச் சோம்பல்பட்டுத்தான் நூறு போடுகிறீர்கள்.

தாரகை: தரவு வந்து சேராதபோது ‘பதிவுகள் இல்லை’ என்று காட்டுவதைப் பற்றி யாருக்கும் கருத்தில்லையா?

முகப்புமாறன்: என் திரையில் நூறு வேலை செய்கிறது. செய்யாத திரையைப் படம் பிடித்துப் போடுங்கள், பார்க்கலாம்.